இலை மணம்: எங்கள் கடை சென்ட் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாகர்கோவில் வடசேரிப் பக்கம் பத்துக்குப் பன்னிரண்டு அடியில் ஒரு கடை வைத்திருக்கிறேன். அப்பா காலத்தில் தக்கலையில் பன்னீர், சந்தனம், ஊதுபத்தி, அத்தர் என்று நடந்த வியாபாரம் என் கைக்கு வந்தபோது சென்ட் கடையாகிவிட்டது. ஊரார் தயாரித்த குப்பிகளை விற்பதுதான் பிழைப்பு. ஆனால் நான்கு ஆண்டுகளாக ஒரே ஒரு சென்ட் மட்டும் என் சொந்த அளவில், உரிமம் உள்ள ஒரு சிறிய தொழிற்கூடத்தில் கலந்து வாங்குகிறேன். அதற்குப் பெயர் வைக்கவில்லை. வாடிக்கையாளர்கள் "அந்தப் பச்சைக் குப்பி" என்கிறார்கள். அப்படியே இருந்துவிட்டுப் போகட்டும். கடையில் நின்றபடி மக்கள் கேட்ட கேள்விகளையும் நான் சொல்லிச் சொல்லிப் பழகிய பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

அரோமாட்டிக் என்று எழுதியிருக்கிறதே, எல்லா சென்டும் வாசனைதானே?

வாசனைதான். ஆனால் இந்தத் தொழிலில் அது ஒரு குடும்பப் பெயர். மல்லிகை, ரோஜா போல மணப்பவை ஒரு குடும்பம். சந்தனம், அகில் போன்றவை இன்னொன்று. எலுமிச்சை, ஆரஞ்சு தனி. கசக்கினால் மணக்கும் இலைகளின் குடும்பத்துக்குத்தான் அரோமாட்டிக் என்று பெயர்: லாவெண்டர், ரோஸ்மேரி, சேஜ், தைம், துளசி வகைகள். லாவெண்டரில் எண்ணெய் எடுப்பது பூங்கதிரிலிருந்துதான். ஆனாலும் அதன் குணம் இலையின் குணம் என்பதால் இந்த வீட்டில் சேர்த்துவிட்டார்கள்.

விடியற்காலையில் தோவாளைப் பூச்சந்தைக்குப் போனவர்களுக்கு இவ்வளவு விளக்கம் தேவையில்லை. பிச்சியும் மல்லியும் குவித்திருக்கும் இடத்தில் மூக்கு திணறும். இரண்டு கடை தள்ளி, ஈரச் சாக்கை விரித்து மரிக்கொழுந்துக் கட்டுகளை அடுக்கியிருப்பார்கள். அங்கே வந்ததும் மூச்சு தானாக ஆழமாக இறங்கும். அந்த இரண்டு கடைத் தூரம்தான் பூ சென்டுக்கும் அரோமாட்டிக் சென்டுக்கும் உள்ள தூரம்.

குப்பியில் என்னென்ன இருக்கிறது?

எலுமிச்சைத் தோல், கொஞ்சம் புல்தைலம், லாவெண்டர், ரோஸ்மேரி, மரிக்கொழுந்து, கிராம்பு, நல்லமிளகு, வெட்டிவேர், கூமரின் என்ற வாசனைப் பொருள், சந்தனத்தைப் போல மணக்கும் ஒரு செயற்கைப் பொருள். உண்மையான சந்தன எண்ணெய் ஊற்றினால் விலை உங்களுக்கும் கட்டாது, எனக்கும் கட்டாது.

லாவெண்டர் நம் பக்கம் விளைவதல்ல. பிரான்ஸ், பல்கேரியா போன்ற இடங்களிலிருந்து வருகிறது. ரோஸ்மேரி நீலகிரியிலேயே விளைகிறது. கிராம்புக்கு மட்டும் நான் வெளியூர் போகத் தேவையில்லை. கீரிப்பாறைக்கு மேலே மாறாமலைப் பக்கம் விளைவது இந்தியாவிலேயே பேர்பெற்ற கிராம்பு. கன்னியாகுமரி கிராம்பு என்றே புவிசார் குறியீடு வாங்கியிருக்கிறது. நாம் குழம்பில் போடும் கிராம்பு உண்மையில் மலராத மொட்டு. பச்சையிலிருந்து இளஞ்சிவப்புக்கு மாறும் தறுவாயில், விரியும் முன்பே கையால் பறித்துவிட வேண்டும். மலைமேல் தெரிந்தவர் வீட்டு முற்றத்தில் பாயில் காயப்போட்டிருந்ததைப் பார்த்தேன். அன்றுதான் போட்ட ஒரு பாதி சிவப்பும் பச்சையுமாகக் கிடந்தது. மூன்று நாள் வெயில் கண்ட மறுபாதி பழுப்பாகிச் சுருங்கியிருந்தது. குனிந்து முகர்ந்தால் பச்சைப் பக்கத்தில் காரத்தோடு ஒரு பழ இனிப்பு. பழுப்புப் பக்கத்தில் காரம் மட்டும். அந்தப் பழ இனிப்பை எப்படிக் குப்பிக்குள் கொண்டுவருவது என்று யோசித்தபோதுதான் மரிக்கொழுந்து நினைவுக்கு வந்தது. அதன் எண்ணெயில் ஒரு பழுத்த வாசம் உண்டு. தலையில் வைக்கும் கொழுந்தில் அது தெரியாது, எண்ணெயாக்கினால்தான் வெளியே வரும்.

போட்டவுடன் எப்படி இருக்கும்? பிறகு எப்படி மாறும்?

இதைச் சொல்ல ஒரு நாளையே சொல்ல வேண்டும். காலை ஒன்பது மணிக்குக் கடை திறந்ததும் மணிக்கட்டில் ஒரு தடவை அடித்துக்கொள்கிறேன். முதல் அரை நிமிடம் ஆல்கஹால் நெடி. அப்போது முகராதீர்கள், அவசரப்பட்டு "இது வேண்டாம்" என்று சொல்பவர்களில் பாதிப் பேர் அந்த நெடியைத்தான் வேண்டாம் என்கிறார்கள். அது போனதும் எலுமிச்சைத் தோலைக் கிள்ளியது போல ஒரு சுள்ளென்ற வாசம். பதினைந்து இருபது நிமிடத்தில் அது கழன்றுவிடும். சிறிய மூலக்கூறுகள் முதலில் ஆவியாகும், பெரியவை தங்கும். அதைத் தாண்டி இதில் மாயம் எதுவும் இல்லை.

ஒன்பதரைக்கு லாவெண்டரும் ரோஸ்மேரியும் வருகின்றன. வெளுத்துக் காயவைத்த துணியை மடிக்கும்போது வருமே, அந்தச் சுத்தம். அதன் அடியில் கிராம்பு மெல்லச் சூடேறிக்கொண்டிருக்கும். பத்தரை மணிக்கு இரண்டும் சமமாக நிற்கும்; எனக்கு இந்தக் குப்பியில் பிடித்த நேரம் அதுதான். குளிர்ந்த இலையும் சூடான மசாலாவும் ஒரே இடத்தில், ஒன்றை ஒன்று அதட்டாமல். மதியச் சாப்பாட்டுக்குக் கை கழுவும்போது மணிக்கட்டை முகர்ந்தால் இலைகள் போயிருக்கும். வெட்டிவேரும் கூமரினும் மட்டும் மிஞ்சும். கூமரின் என்பது உலர்ந்த புல்லின் மணம். அறுத்துப் போட்ட வைக்கோல் இரண்டு நாள் வெயில் கண்டபின் வருவது. நாஞ்சில் நாட்டு வயல் வரப்பில் நடந்தவர்களுக்கு அறிமுகமானதுதான். மாலை வரை அது தோலோடு ஒட்டிக் கிடக்கும். அருகில் வந்து உட்காருபவருக்குத் தெரியும், எதிரே நிற்பவருக்குத் தெரியாது.

பல் டாக்டர் கிளினிக் வாசனை அடிக்கிறதே?

இந்தக் கேள்வியை எதிர்பார்த்தேன். உங்கள் மூக்கில் பிழையில்லை. கிராம்பு எண்ணெயில் பெரும்பங்கு யூஜெனால் என்ற பொருள். அதைத் துத்தநாக ஆக்சைடோடு குழைத்துத்தான் பல் குழியைத் தற்காலிகமாக அடைக்கிறார்கள். அதனால் கிராம்பு என்றதும் சிலருக்கு நாற்காலியும் விளக்கும் கண்முன் வந்துவிடுகிறது. அதே யூஜெனால் துளசியிலும் இருக்கிறது. பெருமாள் கோயில் தீர்த்தம் நினைவுக்கு வருபவர்களும் உண்டு. எது முதலில் வருகிறது என்பது உங்கள் பல்லின் வரலாற்றைப் பொறுத்தது.

முதல் கலவையில் கிராம்பை நானும் தாராளமாக வைத்துவிட்டேன். போட்டுக்கொண்டு கல்யாண வீட்டுக்குப் போனேன், பக்கத்தில் உட்கார்ந்த மாமி இரண்டு முறை திரும்பிப் பார்த்துவிட்டு, "பந்தியில் பிரியாணியா போடுகிறார்கள்?" என்று கேட்டார். அந்தத் தொகுதி முழுவதும் வீணாகிவிட்டது. இப்போது கிராம்பு அந்த அளவில் நான்கில் ஒரு பங்குதான். பல் டாக்டர் இன்னமும் எட்டிப் பார்க்கிறார் என்றால், பத்து நிமிடம் பொறுத்து மறுபடி முகர்ந்து பாருங்கள். அப்போதும் இருந்தால் இந்த சென்ட் உங்களுக்கு அல்ல, வேறு காட்டுகிறேன்.

ஆணுக்கா, பெண்ணுக்கா?

இருவருக்கும். "அதெப்படி?" என்று அடுத்த கேள்வி வரும், அதற்குத்தான் நீளமாகப் பதில்.

பூவென்றால் பெண், மரமென்றால் ஆண் என்ற பிரிவினை மூக்கு செய்ததல்ல; பெரிதும் கடை அலமாரி செய்தது. ஜெர்மனியின் கொலோன் நகரில் 1709-இல் ஃபரீனா குடும்பம் தொடங்கிய நிறுவனத்தின் கொலோன் தண்ணீரை ஆண்களும் பெண்களும் பூசினார்கள். எலுமிச்சை வகைகளும் இலைகளும்தான் அதன் அடிப்படை. 1882-இல் பாரிஸில் ஊபிகான் நிறுவனத்துக்காக பால் பார்க்கே என்பவர் 'ஃபூஜேர் ரொயால்' செய்தார். ஃபூஜேர் என்றால் பெரணி. பேச்சிப்பாறை போகும் வழியில் பாறை இடுக்கெல்லாம் முளைத்துக் கிடக்கிறதே, அந்தச் செடி. பறித்து முகர்ந்து பாருங்கள், பெரிதாக ஒரு மணமும் இருக்காது. பெரணிக்கு மணம் இருந்தால் எப்படி இருக்கும் என்று ஒருவர் கற்பனை செய்ததன் விளைவு அது. லாவெண்டரோடு கூமரினைச் சேர்த்தார். கூமரினை 1868-இல் வில்லியம் பெர்கின் ஆய்வுக்கூடத்தில் தயாரித்திருந்ததால்தான் அது கைக்கு வந்தது. பிற்காலத்தில் முடிதிருத்தும் கடைப் பவுடரும் சவரச் சோப்பும் இந்த மணத்தைப் பிடித்துக்கொண்டன, 'ஆண் வாசனை' என்ற முத்திரை விழுந்தது. அதே லாவெண்டரும் கூமரினும் கொண்டு 1889-இல் கெர்லான் வெளியிட்ட 'ஜிக்கி' ஆண், பெண் இருவர் மேசையிலும் இருந்தது. (பாட்டுப் பாடிய நம் ஜிக்கி அல்ல. பெயரைக் கேட்டால் எனக்கு அவர் குரல்தான் முதலில் வருகிறது.) 1994-இல் கால்வின் க்ளைன் 'சிகே ஒன்' என்று இருபாலருக்கும் ஒரே குப்பியை விளம்பரப்படுத்தியபோது உலகம் அதைப் புதுமை என்றது.

நமக்கு அதில் என்ன புதுமை? மாதவி கூந்தல் நனைத்த நீரில் பத்துத் துவர் (துவர்ப்புச் சரக்கு), ஐந்து விரை (வாசனைப் பொருள்), முப்பத்திரண்டு ஓமாலிகை (நீரில் ஊறப்போடும் மணச்சரக்கு) ஊறின என்கிறது சிலப்பதிகாரம். அந்த முப்பத்திரண்டை எண்ணிச் சொல்லும் பழைய பட்டியல் இலவங்கத்தில் தொடங்குகிறது, அதாவது கிராம்பில். அடுத்தது பச்சிலை, கொஞ்சம் தள்ளி ஏலம். இன்று 'ஆண்களுக்கு' என்று அச்சிட்ட குப்பிகளில் நிரப்புகிற அதே சரக்கு அன்று ஒரு பெண்ணின் தலைக்குளியலில் இருந்திருக்கிறது. சந்தனமோ அன்றும் இன்றும் யார் மார்பில் பூசினாலும் சந்தனம்தான்.

கடையில் நடந்ததைச் சொல்கிறேன். மகளுக்குப் பிறந்தநாள் என்று மார்த்தாண்டத்திலிருந்து ஒருவர் வாங்கிப் போனார். அடுத்த மாதம் மகள் வந்தாள். "அக்கா, அப்பாவே தீர்த்துவிட்டார், எனக்கு ஒன்று தாருங்கள்."

இது எந்த மனநிலைக்கு ஏற்ற சென்ட்?

கல்யாணத்துக்குப் புறப்பட்டவர் மாதிரி இருக்காது. குளித்துவிட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்து, ஈரத் தலையோடு செய்தித்தாளைப் பிரித்த ஆள் மாதிரி இருக்கும். உரக்கப் பேசாது. ஆனால் மந்தமும் அல்ல. கிராம்பும் நல்லமிளகும் இருப்பதால் ஓரத்தில் ஒரு குறும்பு உண்டு. இனிப்பு சென்டுகள் நம்மைப் பார்த்ததும் தோளில் கை போடும். இது வணக்கம் சொல்லிவிட்டு நாற்காலியைக் காட்டும்.

நான் மனத்தில் வைத்துச் செய்த நேரம் ஒன்று உண்டு. ஆனி, ஆடியில் மேற்கே சாரல் பிடித்து ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்று பேயாட்டம் போடும் நாட்களில், மழை விட்ட அரை மணி நேரம். துளசி மாடத்திலிருந்தும் வேலிப் பச்சையிலிருந்தும் ஒரு குளிர்ந்த வாசம் எழும். உள்ளே அடுக்களையில் யாரோ சுக்கு, மிளகு தட்டிப் போட்டுக் காப்பி கொதிக்க வைத்திருப்பார்கள். வெளிக் குளிரும் உள் சூடும் வாசற்படியில் சந்திக்கும். அந்த வாசற்படியைத்தான் குப்பியில் அடைக்கப் பார்த்தேன். முழுதாக வரவில்லை, முக்கால்வாசி வந்திருக்கிறது.

அலுவலகம், பள்ளிக்கூடம், பஸ் பயணம், ஞாயிறு ஆராதனை, நூலகம்: இவற்றுக்குப் பொருந்தும். இரவு விருந்துக்கு எடுபடாது. அதற்கு வேறு குப்பிகள் இருக்கின்றன.

பிச்சிப்பூ வைத்திருக்கும்போது போடலாமா?

தாராளமாக. பூ சென்ட் போட்டால்தான் தலையில் உள்ள பூவும் கழுத்தில் உள்ள பூவும் சண்டை போடும். பிச்சி, மல்லி வகைகளின் மணத்தில் இண்டோல் என்ற பொருள் உண்டு. இரவாக ஆக ஒரு கனத்த, சற்றே அழுகல் கலந்த ஆழம் வருவது அதனால்தான். இலை மணம் அதற்கு அடியில் போய் நின்றுகொள்ளும். தோவாளையில் மாலை கட்டுபவர்கள் பூவுக்கு நடுவே கொழுந்தை வைத்துக் கட்டுவது பச்சை நிறத்துக்காக மட்டும் என்று நான் நினைக்கவில்லை.

எத்தனை மணி நேரம் நிற்கும்?

தோலில் ஐந்து, ஆறு மணி நேரம். துணியில் மறுநாள் வரை. எண்ணெயும் வாசனைப் பொருளும் சேர்ந்து பதினைந்து சதவீதம், மீதி ஆல்கஹாலும் துளி நீரும். இலை வாசனைகள் இயல்பாகவே சீக்கிரம் பறப்பவை; பன்னிரண்டு மணி நேரம் நிற்கும் இலை சென்ட் என்று யாராவது விற்றால், கடைசி எட்டு மணி நேரம் நீங்கள் முகர்வது இலையை அல்ல. உலர்ந்த தோலில் இன்னும் வேகமாகப் போகும். குளித்ததும் மணிக்கட்டில் ஒரு துளி தேங்காய் எண்ணெய் தேய்த்து, அதன் மேல் அடியுங்கள். எண்ணெய் பிடித்து வைக்கும்.

அரை மணி நேரத்தில் எனக்கே மணக்கவில்லை. போலியா?

இல்லை, மூக்கு பழகிவிட்டது. குளச்சலில் கருவாடு காயும் தெருவில் குடியிருப்பவரிடமோ, குலசேகரத்தில் ரப்பர் ஷீட் புகையடிக்கும் கொட்டகைக்குப் பக்கத்து வீட்டாரிடமோ கேளுங்கள். "என்ன வாசனை?" என்பார்கள். உங்களுக்குத் தெரியவில்லை என்று மறுபடி மறுபடி அடித்தால் பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரர் ஜன்னலைத் திறப்பார். வீட்டில் ஒருவரிடம் கேட்டு உறுதி செய்யுங்கள்.

எங்கே அடிக்க வேண்டும்? எவ்வளவு?

கழுத்தின் இரு பக்கம், ஒரு மணிக்கட்டு. மூன்று போதும். நம் ஊர் ஈரக்காற்றில் வாசனை தூக்கிக் காட்டும், நான்காவது தேவைப்படாது. மணிக்கட்டுகளை ஒன்றோடொன்று தேய்க்காதீர்கள். உராய்ந்த சூட்டில் எலுமிச்சை சீக்கிரம் போய்விடும்.

வெள்ளை வேட்டி, பட்டு, முத்து மாலை ஆகியவற்றின் மேல் நேராக அடிக்கவே கூடாது. கிராம்பும் வெட்டிவேரும் மஞ்சள் கறை வைக்கும். என் தம்பியின் கல்யாண வேட்டியில் அரைக்காசு அளவில் ஒன்று இன்னும் இருக்கிறது.

போட்டுக்கொண்டு வெயிலில் போகலாமா? அரிப்பு வருமா?

எலுமிச்சை வகைகளைத் தோலோடு பிழிந்து எடுக்கும் எண்ணெயில் சூரிய ஒளி பட்டால் தோலைக் கறுக்க வைக்கும் பொருள்கள் இருக்கலாம். நீராவியில் வடித்த எண்ணெயில் அவை தங்குவதில்லை. அதனால் நான் வடித்ததையே வாங்குகிறேன். பிழிந்ததன் மணம் இன்னும் துடிப்பாக இருக்கும் என்பது உண்மை. இருந்தாலும் கன்னியாகுமரி வெயிலை வைத்துக்கொண்டு அந்த ஆசை எதற்கு?

ஒவ்வாமை வேறு விஷயம். யூஜெனால், லினலூல், சிட்ரால், கூமரின் ஆகிய நான்கு வாசனைப் பொருள்களும் சிலருக்கு ஒத்துக்கொள்ளாதவை. ஐரோப்பாவில் குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் இவற்றின் பெயரை உறையில் அச்சிட்டாக வேண்டும். என் குப்பியில் நான்கும் இருக்கின்றன, நான்கும் அட்டையில் எழுதியிருக்கின்றன. முழங்கையின் உள்பக்கம் ஒரு துளி வைத்து ஒரு நாள் பாருங்கள். சிவந்தால் வேண்டாம். கைக்குழந்தையைத் தூக்கும் கையில் போடாதீர்கள்.

அப்படியானால் இயற்கையானது அல்லவா?

பாதிக்கு மேல் இயற்கை. கூமரினும் சந்தனப் போலியும் ஆய்வுக்கூடத்தில் பிறந்தவை. இயற்கை என்றால் பத்திரம், செயற்கை என்றால் விஷம் என்று நினைப்பவர்களிடம் ஒன்றுதான் சொல்வேன்: இந்தக் குப்பியில் தோலை எரிக்கக்கூடிய சரக்கு எதுவென்று கேட்டால் நான் முதலில் காட்டுவது மலையில் விளைந்த கிராம்பின் எண்ணெயை.

தரை துடைக்கிற புல்தைல வாசனை வருகிறதே?

எலுமிச்சைப்புல் எண்ணெயைத்தான் நம் பக்கம் புல்தைலம் என்கிறோம். தரையிலும் ஊற்றுகிறோம், மூட்டு வலிக்கும் தேய்க்கிறோம். குப்பியில் இரண்டு துளி இருக்கிறது. எலுமிச்சை பறந்த பிறகும் அந்தப் புளிப்பைச் சற்று இழுத்துப் பிடிக்க அது வேண்டும். உங்கள் வீட்டில் தினமும் புல்தைலம் ஊற்றித் துடைப்பார்கள் என்றால் முதல் கால் மணி நேரம் சங்கடம்தான்.

ஆல்கஹால் இல்லாமல் கிடைக்குமா?

கிடைக்கும். அப்பா காலத்திலிருந்தே தொழுகைக்குப் போகிறவர்கள் அத்தர்தான் கேட்பார்கள். அவர்களுக்காக எண்ணெயில் கலந்த ஆறு மில்லி உருட்டுக் குப்பி உண்டு. வாசனை அதேதான், ஆனால் நடை வேறு. ஆல்கஹால் வாசனையைத் தூக்கி எறியும். எண்ணெய் அதை மடியில் வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கும். எலுமிச்சையின் சுள்ளென்ற தொடக்கம் அதில் மங்கிவிடுகிறது. வெட்டிவேர் பிரியர்கள் இதையே வாங்குங்கள்.

30 மில்லி எத்தனை நாள் வரும்?

ஓர் அழுத்தத்துக்கு ஏறக்குறைய 0.1 மில்லி. ஆக முந்நூறு அழுத்தம். நாளுக்கு மூன்று என்றால் நூறு நாள். குளியலறையிலும் ஜன்னலோரத்திலும் வைக்காதீர்கள்; வெளிச்சமும் சூடும் முதலில் எலுமிச்சையைத்தான் கெடுக்கும். பீரோவுக்குள் வையுங்கள்.

சென்னைக்கு அனுப்புவீர்களா?

தரைவழி மட்டும். ஆல்கஹால் எளிதில் தீப்பற்றும் சரக்கு, விமானப் பார்சலில் எளிதில் ஏற்ற விடமாட்டார்கள். அதனால் சில நாள் கூடுதலாகும்.

குப்பி தீர்ந்தால்?

கொண்டு வாருங்கள். கழுவி உலர்த்தி நிரப்பித் தருகிறேன், குப்பிக்கு உண்டான காசைக் கழித்துக்கொள்ளலாம். சிலர் திருப்பித் தருவதில்லை. மூடியைக் கழற்றிவிட்டுச் சேலை அடுக்கில் செருகி வைக்கிறார்களாம். கோட்டாற்று அத்தை ஒருவர் அப்படி மூன்று குப்பி சேர்த்து வைத்திருக்கிறார். நான்காவதை அவரிடம் கேட்டு வாங்கிவிடலாம் என்று பார்க்கிறேன், நடக்காது போலிருக்கிறது.